கடிதத்தில் இல்லாத சனிக்கிழமை

கேள்வி: அப்பா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து, போன வருடம் முழுக்க மாதம் இரண்டு முறை காரில் அவரைப் பார்க்கப் போனோம். ஒரு வழிக்கு ஆறு மணி நேரம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் ஞாயிறு நள்ளிரவில்தான் வீடு திரும்புவோம். ஏழு வயது மகளுக்கு வழியெல்லாம் வாந்தி. வேண்டுமென்றே செய்கிறாள் என்று திட்டியும் இருக்கிறேன். எனக்கும் கணவருக்கும் காரில் ஓயாத சண்டை. டிசம்பரில் அப்பா போய்விட்டார். ‘இந்த வருஷத்தையே மறந்துடலாம்’ என்கிறார் கணவர். எனக்கு மறக்கவும் முடியவில்லை. நினைத்தால் காரும் சண்டையும்தான் வருகின்றன, அப்பா முகம் வருவதில்லை. அம்மா இப்போது அங்கே தனியாக இருக்கிறார்.

பதில்: ‘அப்பா முகம் வருவதில்லை’ என்ற வரியைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை, அம்மா. கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதில் வெள்ளிக்கிழமை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. சனிக்கிழமை இல்லவே இல்லை. அப்பாவோடு நீங்கள் இருந்தது அன்றைக்குத்தானே?

இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. நினைவு வேலை செய்யும் விதம் அப்படி. உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு இருந்தவர்களும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு மேலும் 30 விநாடி. அந்தக் கடைசி 30 விநாடியில் மட்டும் குளிர் மெல்ல ஒரு டிகிரி குறையும். எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமானதையே சொன்னார்கள். எவ்வளவு நேரம் பட்டோம் என்பது நிற்பதில்லை. உச்சக் கஷ்டமும் முடிவும்தான் நிற்கின்றன. உங்கள் பயணம் ஒவ்வொன்றும் நள்ளிரவில், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் முடிந்திருக்கிறது. வருடமே அப்படித்தான் பதிந்திருக்கும்.

சண்டையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். அதற்குப் பிறகும் உங்கள் கணவர் ஓட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் இருவர் வாயிலிருந்தும் வந்த பேச்சை வைத்து உங்கள் கல்யாணத்தை எடைபோடாதீர்கள். மறந்துவிடலாம் என்று அவர் சொல்வதும் அசதியில்தான் என்று நினைக்கிறேன். ‘வருஷம் பூரா நீங்கதான் ஓட்டினீங்க’ என்று ஒருமுறை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

மகளிடம் மன்னிப்பு கேட்டுவிடுங்கள், இன்றைக்கே. வண்டி நகர்வதை உள்காது உணர்கிறது. முன்சீட்டின் முதுகையே பார்க்கும் கண்ணோ நகரவில்லை என்கிறது. அந்தக் குழப்பத்தில் வருவதுதான் வாந்தி. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை அது அதிகம். அவள் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை.

அப்புறம், போனில் இருக்கும் படங்களைத் தேதிவாரியாக எடுத்து, மூன்று பேரும் சேர்ந்து உட்காருங்கள். சாலைப் படங்களைத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். யார் நகம் வெட்டிவிட்டது, எந்தக் கையால் அப்பா பேத்தியின் விரலைப் பிடித்துக்கொண்டார், எந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் திணறினார். முதலில் மகளைப் பேச விடுங்கள். பெரியவர்கள் மருந்தையும் ரிப்போர்ட்டையும் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில், தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அழுகை வந்தால் வரட்டும். அதற்கும் போன வருடம் உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது.

அம்மாவைப் பார்க்க இனியும் அதே சாலையில்தானே போக வேண்டும்? வெள்ளி இரவு வேண்டாம், சனி காலை தூங்கி எழுந்து கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்குங்கள். ஞாயிறு வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேருங்கள். அம்மாவோடு இருக்கும் நேரம் குறையும், தெரியும். முடிந்த மாதத்தில் திங்கட்கிழமை லீவு போட்டு அதை ஈடுகட்டிக்கொள்ளுங்கள். எழுதிய அந்த வரிகளையும் கையோடு எடுத்துப்போய் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போன சனிக்கிழமைகள் அவருக்கு ஞாபகம் இருக்கும்.