அட்வான்ஸ், ஒப்பந்தம், லீஸ்: வாடகை வீடு குறித்த கேள்வி பதில்

கேள்வி: பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார் வீட்டுக்காரர். மூன்று மாதம்தான் வாங்கலாம் என்று சட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தானாம். "11 மாதம் என்றால் பதிவே வேண்டாம்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
- வாசகி, ஆவடி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரி. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ஆனால், 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று அதே பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பத்து மாதத்துக்கு நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டி வாதாடுவது கடினம். பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். தொகையைக் குறைக்க மாட்டேன் என்றால், காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையாவது ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். சட்டம் சொல்வதும் அதே ஒரு மாதம்தான். எழுத்தில் இருந்தால் கேட்பது எளிது.

பதிவைப் பற்றிப் புரோக்கர் சொன்னதில் பாதிதான் உண்மை. பதிவில் இரண்டு வகை உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதக் கணக்கு. புதிய சட்டப்படி, துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதற்கு 11 மாத விலக்கெல்லாம் கிடையாது. ஒப்பந்தம் எழுதிய 90 நாளுக்குள் தமிழக அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்காரர் வரவில்லையென்றால் நீங்களே விண்ணப்பிக்கலாம். இரு தரப்பின் ஆதார், பான் நகல்கள், வீட்டு விவரம், வாடகை, முன்பணம், குடியேறிய தேதி, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஸ்கேன் பிரதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஏற்கப்பட்டால் பதிவு எண் கிடைக்கும்.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: ஒப்பந்தத்தில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொன்று, பழைய கதவு எண்ணா, புதிய எண்ணா என்ற குழப்பம், வீடு அம்மா பெயரில் இருக்க, அதிகாரப் பத்திரம் இல்லாமல் மகன் போட்ட கையெழுத்து. கடைசியாகச் சொன்னது பதிவோடு நிற்காது. பின்னால் ஒப்பந்தத்தையே கேள்விக்குள்ளாக்கும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டி உரிமை கோர முடியாது என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மூன்று வருடம் குடியிருந்து காலி செய்தோம். பெயின்ட் செலவு, குழாய் மாற்றிய செலவு என்று முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். இது நியாயமா?
- வாசகர், மதுரை

பதில்: யார் எதைப் பழுது பார்ப்பது என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. ஆகவே 'குழாய்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பேர் செலவும் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் குழாயா, முனையில் இருக்கும் குழாயா என்று பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் 'காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை' என்று நீங்கள் ஏற்றிருந்தால் அது செல்லும். ஏற்கவில்லையென்றால், பிடித்த தொகைக்குக் கணக்குக் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

அடுத்த வீட்டுக்குப் போகும்போது, சாமான் இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கீழே ஓதம் காத்த இடம், விரிசல் விட்ட டைல்ஸ், குளியலறைக் கதவின் அடிப்பகுதி, மின் மீட்டர் ரீடிங் இவை கட்டாயம் பதிவாக வேண்டும். ஃபேன் எத்தனை, சாவி எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். முன்பணத் தகராறில் பாதி, வந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாததால் வருவதுதான்.

கேள்வி: வாடகையை உயர்த்த மறுத்ததால் மோட்டார் போடுவதையே நிறுத்திவிட்டார். நாங்களும் வாடகையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். பாக்கி விழுந்தால், காலி செய்யக் கேட்பதற்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். வாடகையை அதே தேதியில் வங்கி வழியாக, எந்த மாதத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழியுண்டு. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீர் வராத நாட்களின் தேதி, அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், லாரித் தண்ணீர் வாங்கிய ரசீது ஆகியவற்றை மனுவோடு வையுங்கள்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு 8 லட்சம் லீஸ், மாத வாடகை கிடையாது என்று ஒரு வீடு வந்திருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். வீட்டை எடுத்து நடத்தும் ஒரு நிறுவனம்தான் கையெழுத்துப் போடுமாம். அதே வீட்டுக்கு வாடகை 15,000. லாபம்தானே?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். 8 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 56,000, மாதத்துக்கு 4,700-கூட வராது. 15,000 வாடகை வரும் வீட்டை அதற்கு யார் தருவார்? இப்படிப்பட்ட ஏற்பாட்டில், நிறுவனம் உங்களிடம் 8 லட்சத்தை வாங்கிக்கொண்டு உரிமையாளருக்கு மாதம் 15,000 அனுப்பும். 36 மாதத்துக்கு 5,40,000. அதாவது உங்கள் பணத்திலிருந்தே உங்கள் வாடகை போகிறது. மிச்சம் 2,60,000. மூன்று வருடம் கழித்து உங்களுக்கு 8 லட்சம் தர, அடுத்து ஏமாறும் ஒருவர் வந்தாக வேண்டும். வருவது நின்றால் எல்லாம் நிற்கும். அப்போது உரிமையாளர் வந்து, "மூன்று மாதமாக வாடகை வரவில்லை, காலி செய்யுங்கள். நீங்கள் கொடுத்த 8 லட்சம் எனக்குத் தெரியாது" என்பார். அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். சென்னையிலும் பெங்களூருவிலும் பல குடும்பங்கள் இப்படித்தான் சேமிப்பை இழந்தன.

லீஸ்தான் வேண்டும் என்றால் உரிமையாளரிடமே நேரடியாகப் பேசுங்கள். தாய்ப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். நகல்தான் இருக்கிறது என்றால், அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். வங்கிக் கடனுக்குப் பத்திரத்தை ஒப்படைத்த ஆவணம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். ஆனால் தனியாரிடம் பத்திரத்தைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிய கடன் எந்த வில்லங்கத்திலும் வராது. அசலைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் என்று பாருங்கள். வாரிசுகள் பலர் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் குடியேறாதீர்கள். தவணை நின்றால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடும். கடனுக்குப் பிறகு, சம்மதமில்லாமல் வந்தவருக்குப் பிடிமானம் மிகக் குறைவு. அடமானத்துக்கு முன்பே பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வலுவாக நிற்க முடியும்.

மூன்று வருட லீஸ் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம். முன்பணத்தையும் சேர்த்து முத்திரைத் தீர்வை போடுவார்கள் என்பதால் பலர் தயங்குகிறார்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க 8 லட்சத்தைப் பணயம் வைக்கக் கூடாது. பதிந்துவிட்டால் உங்கள் லீஸ் வில்லங்கத்தில் ஏறும். வீட்டை வாங்க வருபவருக்கும் கடன் கொடுக்க வருபவருக்கும் தெரிந்துவிடும். பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு மட்டும், சாவி வாங்கும் நாளில் மட்டும்.

கேள்வி: தனியாக இருக்கும் பெண் என்பதால் நான்கு வீடுகளில் மறுத்துவிட்டார்கள். இதற்குச் சட்டம் இல்லையா?
- வாசகி, சென்னை

பதில்: வாடகைச் சட்டம் குடியேறிய பிறகு நடப்பதைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. சாதி, மதம், உணவு, திருமணம் என்று காரணம் சொல்லி மறுப்பதை அது தடுக்கவில்லை. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. இதைத் திருத்தச் சொல்லி சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுப்பது வீண் வேலை அல்ல. உடனடித் தேவைக்கு, பணிபுரியும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் இணையத்திலேயே உண்டு. இதே தேவைக்காகத்தான் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பை அரசின் சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது.

கேள்வி: எங்கள் மாடி வீட்டை இரண்டு வருடமாகப் பூட்டியே வைத்திருக்கிறோம். விட்டால் காலி செய்ய மாட்டார்களோ என்று பயம்.
- வாசகர், கோவை

பதில்: இந்தப் பயம் உங்களுக்கு மட்டுமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் சுமார் 1.11 கோடி. அடுத்த ஆண்டே மத்திய அரசின் வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைச் சுமார் 1.88 கோடி என்று கணக்கிட்டது. பூட்டிய வீடுகள் திறந்தால் அந்தப் பகுதியில் வாடகையும் கொஞ்சம் இறங்கும்.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்ட தொகை. காலம் முடிந்தால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரலாம். முடிந்தும் தங்குபவரிடம் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை, எழுத்தில் உள்ள, பதிவான ஒப்பந்தம். வாடகை எந்த மாதத்தில் எத்தனை சதவீதம் உயரும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், மின்கட்டணத்தை எந்த மீட்டர்படி பிரிப்பது என்ற மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கிவிட்டால் மூன்றாவது தகராறே எழாது. 11 மாதம் முடிந்ததும் வாய்ப்பேச்சில் நீட்டிக்காமல் புது ஒப்பந்தம் எழுதி, அதையும் 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதியுங்கள்.