டார்சி பேசாத நிமிடங்கள்

அன்புள்ள அம்மா,

‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை ஒலிநூலாகக் கேட்டேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில், இரட்டை வேகத்தில் வைத்து, ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். வாசித்தவர் பெண் என்பதால் நாயகன் டார்சியின் பேச்சு ஒட்டவேயில்லை. காதல் நாவலை ஆணும் பெண்ணுமாக இருவர் வாசிப்பதுதானே பொருத்தம்? கேட்டதைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், அதில் வழக்கே இல்லை. பெண் குரலும் குறையல்ல. டார்சியை நாம் பெரும்பாலும் நாயகி எலிசபெத்தின் காதால்தான் கேட்கிறோம். வாசிப்பவர் தொண்டையைக் கனமாக்கி ஆணாக நடிக்க வேண்டாம். சற்றுத் தாழ்த்தி, சொற்களை இறுக்கிச் சொன்னால் போதும்.

ஆனால் இரட்டை வேகமா? அந்த வரியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. சில நாட்களாக இதை எழுதிய ஜேன் ஆஸ்டினின் கடிதங்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1813 ஜனவரியில் இந்த நாவல் அச்சாகி சாட்டன் கிராமத்து வீட்டுக்கு வந்த அன்றே, சாப்பிட வந்திருந்த மிஸ் பென் என்ற பெண்மணிக்கு அதை உரக்க வாசித்துக் காட்டுகிறார்கள். எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டாம் நாள் மாலை வாசிப்பு ஆஸ்டினுக்குப் பிடிக்கவில்லை. அம்மா மிக வேகமாகப் போகிறார், பாத்திரங்களை நன்றாகப் புரிந்துகொண்டும் அவர்கள் பேச வேண்டியபடி அவரால் பேச முடியவில்லை என்று அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதுகிறார். பெற்ற தாயின் வேகத்தையே பொறுக்காதவர் அவர்!

நாவலில் ஹன்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டார்சி வருகிறான், உடல்நலம் விசாரிக்கிறான், உட்காருகிறான், எழுந்து அறைக்குள் நடக்கிறான். எலிசபெத் வாய் திறக்கவில்லை. சில நிமிட மௌனத்துக்குப் பிறகு பதற்றத்தோடு அருகே வந்து காதலைச் சொல்கிறான். அச்சில் அந்த மௌனம் அரை வரி. நல்ல வாசிப்பாளர் அங்கே ஒரு மூச்சு நிறுத்துவார். அவன் நடக்கும் சத்தம் நமக்கு அதில்தான் கேட்கும். அடுத்து அவள் வெறித்துப் பார்க்கிறாள், முகம் சிவக்கிறாள், ஐயப்படுகிறாள், பேச்சற்றுப் போகிறாள். நான்கும் நான்கு மனநிலைகள். உங்கள் வேகத்தில் அது மளிகைப் பட்டியலை ஒப்பிப்பதுபோல் ஓடியிருக்கும்.

விரைய வேண்டிய இடத்தில் வாசிப்பவரே விரைவார். ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் மிஸ் பேட்ஸ் பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளிக்கே இடமில்லை. அவள் ஓய்ந்து கதைசொல்லியின் நிதானம் திரும்பும்போது கிடைக்கிற ஆசுவாசமும் வாசிப்பவரின் உழைப்புத்தான். எல்லாவற்றையும் ஒரு பொத்தானில் ஒரே ஓட்டமாக்கிவிட்டு, டார்சி ஒட்டவில்லை என்று அந்தப் பெண்மேல் பழி போடுகிறீர்களே, நியாயமா?

கேட்க நினைத்தீர்களே, அதற்கே உங்கள்மேல் எனக்குப் பிரியம். அடுத்து ஜூலியட் ஸ்டீவன்சன் வாசித்த, ஆஸ்டினின் ‘பர்ஸுவேஷன்’ நாவலைக் கேளுங்கள். 23ஆம் அத்தியாயத்தில், ஆணா பெண்ணா யாருடைய அன்பு நீடிக்கும் என்று நாயகி ஆன், ஹார்வில் என்பவரோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் அவளுடைய பழைய காதலன் வென்ட்வொர்த் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான். திடீரென்று அவன் பேனா கீழே விழுகிறது. அவ்வளவுதான். எட்டரை ஆண்டுகள் அடக்கிவைத்தது அந்தச் சின்னச் சத்தத்தில் வெளியே வந்துவிடுகிறது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு நின்றுவிட்டேன்.

பஸ்ஸில் வேண்டாம். வேகத்தை ஒன்றில் வையுங்கள். இடைவெளிகளை வெட்டித்தள்ளும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.