உப்புவெளிக் குசினி வேலை: மிச்சக் காசை இப்போது கொடுக்காதீர்கள்

நீங்கள் சொன்னபடி பார்த்தால் பேசிய காசில் முக்கால்வாசி கொந்தராத்துக்காரரின் கையில், டைல்ஸ் பாதியில் நிற்கிறது, இப்போது பான்ட்ரி கபேட்டுக்குச் சாமான் வாங்க இன்னும் கேட்கிறார். கொடுக்காதீர்கள். அவரோடு நீங்களே கடைக்குப் போய்ச் சாமானை வாங்கி, பில்லை உங்கள் பெயரில் எடுங்கள். கூலியை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள். சண்டை பிடித்து அனுப்பிவிடவும் வேண்டாம், ஒருவர் பாதியில் விட்டதை இன்னொரு பாஸ் (மேசன்) லேசில் எடுக்க மாட்டார், எடுத்தாலும் முழுதையும் உடைக்க வேண்டும் என்பார்.

சிங்க் சுவருக்கு டைல்ஸ் ஒட்ட முதல் பைப் வாய்களை அடைத்து, தாங்கித் தண்ணீரைத் திறந்து ஒரு இரவு விடுங்கள், மூட்டு கசிந்தால் அப்போதே தெரியும். ஒட்டிய டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அடியில் சாந்து சரியாகப் பிடிக்கவில்லை, கழற்றி ஒட்டச் சொல்லுங்கள், இதில் முகத்தாட்சண்யம் பார்த்தால் சரிவராது.

அப்புறம் கபேட். திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு எம்.டி.எஃப். பலகையும் (மரநாரை அழுத்திச் செய்தது) சாதாரண இரும்புப் பிணைச்சலும் போடுவது வீண் செலவு. உப்புக்காற்றில் பிணைச்சல் துருப்பிடிக்கும், மாரி ஈரத்தில் பலகை ஊதும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற ரகத்தை விட 316 என்ற ரகம் உப்பைத் தாங்கும், விலைதான் கூட. சிங்குக்குக் கீழே கதவே போடாமல் விட்டால் இன்னும் நல்லது (வீட்டில் அம்மா ஒத்துக்கொண்டால்).

மிச்ச வேலை என்னென்ன, எதற்கு எவ்வளவு, எப்போது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்து, அதைப் படமெடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள்.