வாசகர் கேள்வி – பதில்: பாம்பன் படமும் பனையோலைப் பெட்டியும்

கேள்வி: ஐயா, நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று மண்டபம் ஊரில் வசிக்கிறேன். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது, கரையில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைந்த ஒரு படத்தை என் மகன் இணையத்தில் போட்டான். இப்போது அதே படம் தேநீர்க் குவளையிலும் சாவிக்கொத்திலும் அச்சாகிக் கடைகளில் தொங்குகிறது. படத்தை வாங்குவதாகச் சொல்லியிருந்த ஒருவர், “அதுதான் குவளையிலேயே கிடைக்கிறதே” என்று பின்வாங்கிவிட்டார். என் படத்தின் மதிப்பு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. போனது ஒரு வாடிக்கையாளர் மட்டுமே. அவருக்கு வேண்டியிருந்தது பாலத்தின் நினைவு, அது குவளையிலேயே கிடைத்துவிட்டது.

அச்சுப் படிகள் பெருகினால் மூலத்தின் விலை இறங்கும் என்பது உண்மையானால், இந்த நாட்டில் மிக மலிவாகியிருக்க வேண்டியவை ரவி வர்மாவின் ஓவியங்கள். அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, கல்லில் வரைந்து தாளில் ஒற்றியெடுக்கும் கல்லச்சு முறையில், நிறத்துக்கொரு கல்லாக, லட்சுமியையும் சரசுவதியையும் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தார். என் பாட்டி வீட்டுப் பூசையறையில், ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்த அப்படியொரு லட்சுமி இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஓவியர் இருந்தார் என்பதே வெகுநாள் எனக்குத் தெரியாது. அச்சகம் அவருக்குச் செல்வம் சேர்க்கவில்லை; கடன் ஏறி, ஜெர்மானியர் ஒருவருக்குக் கைமாறியது. ஆனால் ரவி வர்மா தம் கையால் தீட்டிய எண்ணெய் ஓவியங்கள் இன்று கோடிக்கணக்கில் விலைபோகின்றன. கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் அவற்றை நாட்டைவிட்டு வெளியே விற்கவும் முடியாது. அந்தப் பழைய அச்சுப் படிகளையே தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இதைக் கேட்டு நீங்கள் நிம்மதியாகிவிடக் கூடாது. ரவி வர்மாவின் படிகள் ஓரத்தில் அவர் பெயரைத் தாங்கி ஊர் ஊராகப் போயின. பார்த்தவர்களில் சிலர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மூலத்தைத் தேடினார்கள். உங்கள் குவளையில் பெயர் இல்லை. பெயர் சொல்லும் படி மூலத்துக்கு ஆள் சேர்க்கிறது. பெயர் இல்லாத படி வரவேண்டியவரையும் வழியிலேயே நிறுத்திவிடுகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மனியின் ஓவியர் டியூரர் தம் மர அச்சுப் படங்களை வெனிசில் ஒருவர் அப்படியே செதுக்கி விற்பதை அறிந்து முறையிட்டபோது, படங்களை நகலெடுப்பதைத் தடுக்காமல், டியூரரின் கையெழுத்துக் குறியைப் பொறிக்கக் கூடாது என்று மட்டும் அந்நகர ஆட்சி தடுத்ததாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய இத்தாலியர் வசாரி எழுதிவைத்திருக்கிறார். டியூரருக்கு அது அரைகுறை நீதியாகவே பட்டிருக்கும். ஆயினும் எதைக் காக்க வேண்டும் என்பதில் அந்த ஆட்சியாளர்கள் ஓரளவு விவரமானவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் சட்டம் உங்களுக்கு இதைவிட அதிகம் தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் படத்தை வரைந்த கணத்திலிருந்து உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். மூலத்தை ஒருவருக்கு விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை படியெடுக்கும் உரிமை அவருக்குப் போகாது. கடைக்காரர் பாலத்தைத் தாமே படம் பிடித்து அச்சிட்டால் நீங்கள் கேட்க முடியாது, பாலம் ஊருக்குப் பொது. உங்கள் படத்தை அச்சிட்டதைக் கேட்கலாம். முதலில் எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

அடுத்து, படிகளை நீங்களே போடுங்கள். நல்ல தாளில் ஐம்பது படிகள், ஒவ்வொன்றிலும் ‘7/50’ (ஐம்பதில் ஏழாவது) என்பதுபோல் எண்ணும் கையெழுத்தும், அதற்குமேல் அச்சிடுவதில்லை என்ற உறுதியும் இருக்கட்டும். ‘அச்சுப் படி’ என்றே சொல்லி விற்க வேண்டும்; இதில் ஒருமுறை பொய் சொன்னால் மூலத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். மூலத்தின் பின்புறம் எந்த நாள், எந்த இடத்திலிருந்து வரைந்தீர்கள் என்பதை எழுதிவையுங்கள். 1914இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது; 2025இல் புதிய பாலம் வந்துவிட்டது. ரயில் போகும்போது பார்த்து, உப்புக்காற்றில் வண்ணம் காயக் காத்திருந்து வரைந்த தாள் இனி இன்னொன்று வரப்போவதில்லை.

கேள்வி: ஐயா, சாயல்குடிப் பக்கத்தில் பனையோலைப் பெட்டி முடைகிறேன். மூடியில் மீன் செதில்போல் வரும் பின்னல் ஒன்றை நானாக யோசித்துச் செய்தேன். மாதிரிக்கு என்று நான்கு பெட்டி வாங்கிப் போன வியாபாரி, அதே பின்னலை வேறு ஊரில் குறைந்த கூலிக்கு முடையவைத்து விற்கிறார். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது அவர் கடை மாடல்தானே” என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, மேலே உள்ள பதில் உங்களுக்குப் பொருந்தாது; ஓவியருக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்கும் சொன்னால் அது ஏமாற்று. படத்துக்கு மூலம் ஒன்றுதான். பின்னலுக்கோ முதல் பெட்டிக்கும் நூறாவது பெட்டிக்கும் வேறுபாடு கிடையாது, திரும்பத் திரும்ப முடையப்படுவதே அதன் பிழைப்பு. ஆகையால் அதை இன்னொருவர் பெருக்கும்போது உங்கள் மூலம் பின்னால் நின்று ஒளிர்வதில்லை. முதலில் வந்த நீங்களே பிறகு வந்தவர்போல் ஆகிவிடுகிறீர்கள். பிளாஸ்டிக் கூடைகளைப் பாருங்கள்: அச்சில் வார்த்த கூடைக்கு முடைச்சலின் மேடுபள்ளம் எதற்கும் தேவையில்லை, ஆனாலும் அதைப் போட்டிருக்கிறார்கள். யாரோ முடைந்த ஒன்றின் சாயல், முடைந்தவர் இல்லாமலே விற்கிறது.

சட்டமும் இங்கே கை கொடுப்பது குறைவு. பயன்பாட்டுப் பொருளின் வடிவத்தை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிய வேண்டும்; கையால் செய்வதற்கும் அது உண்டு. பதிந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் 15 ஆண்டுப் பாதுகாப்பு. பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50க்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமையும் நீங்கிவிடுகிறது. ஒரு பருவத்திலேயே ஐம்பது பெட்டி முடைகிறவருக்கு இந்த எண் எவ்வளவு சிறியது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது என் நெடுநாள் ஆதங்கம். மேலும், பதியும் நாளுக்கு முன் வெளியே காட்டாத வடிவமாக இருக்க வேண்டும் என்பதால், மீன்செதில் பின்னலுக்குக் காலம் கடந்துவிட்டது. அடுத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் முன்பே பதியுங்கள். மாதிரி கேட்பவரிடம் எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். பரம்பரைப் பின்னல்கள் யாருக்கும் தனியுரிமை ஆகா, அவற்றைப் பதிய முயல வேண்டாம்.

வியாபாரியால் எடுத்துப்போக முடியாதவையும் உங்களிடம் இருக்கின்றன. கேட்ட அளவுக்கு முடைவது, குருத்தோலையைப் பதமாகக் காயவைத்து ஒரே சீராக வார்வது, நைந்த விளிம்பை மறுபடி கட்டிக் கொடுப்பது ஆகியவற்றுக்குத் தனியாக விலை சொல்லுங்கள். பெட்டியின் அடியில் உங்கள் பெயரும் ஊரும் இருக்கட்டும்.

கேள்வி: ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களைக் கைப்பேசியிலேயே பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. நேரில் போகத்தான் வேண்டுமா?

பதில்: போக வேண்டும். ராமநாதபுரம் மன்னர் சேதுபதி தஞ்சை மராட்டியரோடு போரிடுவதும் ஐரோப்பியரைச் சந்திப்பதும் கைப்பேசியில் தனித்தனிக் கட்டங்களாகத்தான் வரும். அங்கே அவை சுவரிலும் தூணிலும் வளைவிலுமாக உங்களைச் சூழ்ந்து நிற்கும், கழுத்தைத் திருப்பாமல் பார்க்க முடியாது. ஆயினும் அந்தப் புகைப்படங்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சுண்ணத்தின் மேல் இருக்கும் 18ஆம் நூற்றாண்டு வண்ணம் உதிர்ந்துபோனால், முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதற்குப் படிதான் சாட்சி. கைப்பேசியையும் எடுத்துக்கொண்டே போங்கள், எட்டாத உயரத்தில் இருப்பதைப் பார்க்க உதவும்.