ரியல் ஐடி கையில் இருந்தும் விலங்கா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் குடியேற்றச் சோதனைகளில் சிட்டிசன்களும் பிடிபடுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 2019-ல் குடியுரிமை பெற்றேன். ரியல் ஐடி லைசென்ஸ் எப்போதும் பர்சில் இருக்கிறது. போதாதா? – வாசகர், டெக்சஸ்

போதாது. ரியல் ஐடி என்பது மத்திய அரசு வகுத்த தரத்தில் மாநிலம் தரும் லைசென்ஸ் அல்லது அடையாள அட்டை. அதை வாங்க சட்டப்படி இங்கே இருந்தாலே போதும். எச்1பி விசாவில் இருக்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அதை வாங்கலாம். 2025-ல் அலபாமாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தில், அமெரிக்காவிலேயே பிறந்த ஓர் இளைஞர் அந்த அட்டையை நீட்டியபோது போலி என்று சொல்லி விலங்கு மாட்டினார்கள். பிறகு அதே ஆள் இன்னொரு முறையும் பிடிபட்டார்.

குடியுரிமையையே காட்டும் லைசென்ஸ் மிச்சிகன், மின்னசோட்டா, நியூயார்க், வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய ஐந்து மாநிலங்களில்தான் உண்டு. அதற்கு 'என்ஹான்ஸ்டு லைசென்ஸ்' என்று பெயர். டெக்சஸில் இருக்கும் உங்களுக்கு, பர்சில் அடங்கும் அட்டை வடிவப் பாஸ்போர்ட்டான பாஸ்போர்ட் கார்டுதான் வழி. குடியுரிமைக்குப் பின் எடுத்த அமெரிக்கப் பாஸ்போர்ட் புத்தகம் ஏற்கெனவே இருந்தால், டிஎஸ்-82 படிவத்தைத் தபாலில் அனுப்பி 30 டாலரில் வாங்கலாம். முதல்முறை நேரில் போவோருக்கு இன்னொரு 35 டாலர். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு செல்லும். அதை வைத்து இந்தியாவுக்கு விமானம் ஏற முடியாது, அது வேறு விஷயம்.

குடியுரிமை பெற்றபோது தந்த நேச்சுரலைசேஷன் சான்றிதழின் மூலத்தைப் பையில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். தொலைந்தால் மாற்றுச் சான்றிதழ் கேட்டு என்-565 படிவம் போட்டு, 500 டாலருக்கு மேல் கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

குடியுரிமைச் சான்றைக் கூடவே வைத்திருக்கச் சட்டம் சிட்டிசனைக் கட்டாயப்படுத்தவில்லை. கிரீன் கார்டு போன்ற பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் கடமை 18 வயது நிரம்பிய, சிட்டிசன் அல்லாதவர்களுக்குத்தான். ஆனால் தெருவில் நிற்கும் அதிகாரியிடம் இதை வாதாடி வென்றவர்கள் அதிகம் இல்லை.

கேள்வி: மகள் சென்னையில் பிறந்தவள். அவளுக்கு 13 வயதானபோது நான் சிட்டிசன் ஆனேன். அப்போது அவளிடம் கிரீன் கார்டு இருந்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. இனி கவலை இல்லைதானே? – வாசகி, நியூஜெர்சி

கவலைப்பட வேண்டிய இடமே இதுதான். பாஸ்போர்ட் இருக்கிறது என்று பல வீடுகளில் இதோடு விட்டுவிடுகிறார்கள்.

27 பிப்ரவரி 2001-ல் அமலுக்கு வந்த சைல்டு சிட்டிசன்ஷிப் சட்டப்படி உங்கள் மகள் சிட்டிசன். 18 வயதுக்குள் கிரீன் கார்டு, பெற்றோரில் ஒருவர் சிட்டிசன், அவருடைய சட்டப்படியான பராமரிப்பில் அவரோடு வாசம். இந்த மூன்றும் சேர்ந்த நாளில் குடியுரிமை தானாகவே வந்துவிடுகிறது. அந்தத் 'தானாக'வில்தான் சிக்கல். யாரும் எங்கும் எதையும் பதியவில்லை. பாஸ்போர்ட் தருவது வெளியுறவுத் துறை, ஐஸ் (குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் அமைப்பு) அதிகாரி கணினியில் தட்டிப் பார்ப்பது உள்துறைப் பாதுகாப்புத் துறையின் பதிவுகளை. ஒன்றில் சிட்டிசனாக இருப்பவள் மற்றொன்றில் இன்னும் கிரீன் கார்டுக்காரியாகவே இருக்கலாம்.

என்-600 படிவம் போட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பதிவு மாறும். கட்டணம் 1,300 டாலருக்கு மேல், வலிக்கத்தான் செய்யும். 18 தாண்டியபின்னும் போடலாம். உங்கள் நேச்சுரலைசேஷன் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மகளின் கிரீன் கார்டு நகல், உங்களோடு வசித்ததைக் காட்டும் பள்ளிப் பதிவுகள், பிறப்புச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒருமுறை பாருங்கள். நம் ஊரில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால், பெயர் இடம் காலியாகவே இருக்கும் சான்றிதழ்கள் ஏராளம். முதலில் மாநகராட்சியில் பெயர் சேர்த்துவிட்டு அனுப்புங்கள். தமிழில் மட்டும் இருந்தால், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு எஸ்எஸ்-5 படிவமும் கொடுங்கள். அங்கேயும் பழைய நிலையே கிடக்கும். கட்டணம் கிடையாது.

இதெல்லாம் மிகையாகத் தோன்றினால் ஒரு வழக்கு. ஜமைக்காவில் பிறந்து, தந்தை 2002-ல் சிட்டிசன் ஆனதால் தானும் சிட்டிசன் ஆன ஒருவரை ஐஸ் 2008-ல் பிடித்தது. தந்தையின் பெயரைச் சொன்னார், தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். அதிகாரிகள் அந்த எண்ணுக்கு அழைக்கவில்லை. ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொருவரின் கோப்பை எடுத்து, 'இவர் தந்தை சிட்டிசன் இல்லை' என்று முடித்துவிட்டார்கள். அடைபட்டிருந்தது 1,273 நாள். ஊருக்கு நாலு முருகேசன் இருக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

கேள்வி: என் லைசென்ஸில் 'எஃப்என்யூ' என்று முதல் பெயர் இருக்கிறது. இதனால் தொல்லை வருமா? – வாசகர், கலிபோர்னியா

வரும். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் விழுகிறது. அதற்குப் பிறகு லைசென்ஸில் ஒரு விதம், சோஷியல் செக்யூரிட்டியில் இன்னொரு விதம், தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். ஒரே ஆள் கணினியில் இரண்டு பேராகிவிடுகிறார். இன்னும் சிட்டிசன் ஆகவில்லை என்றால் குடியுரிமை கேட்கும் என்-400 மனுவிலேயே பெயர் மாற்றம் கேளுங்கள். நீதிபதி முன் நடக்கும் உறுதிமொழி விழாவில் அது நிறைவேறும். ஆகிவிட்டவர்களுக்கு உள்ளூர் நீதிமன்ற ஆணைதான் வழி. ஆணை வந்ததும் முதலில் சோஷியல் செக்யூரிட்டி, பிறகு லைசென்ஸ், பாஸ்போர்ட்.

கேள்வி: பிடித்துக்கொண்டே போய்விட்டால்? – பெயர் வேண்டாம், ஜார்ஜியா

பிடிபட்டவர் சொல்ல வேண்டியது: 'நான் அமெரிக்கச் சிட்டிசன். வழக்கறிஞர் வேண்டும்.' திரும்பத் திரும்ப, அமைதியாக. உடல் பலத்தால் எதிர்க்க வேண்டாம், தனிக் குற்றச்சாட்டு வரும். நாட்டைவிட்டுப் போகச் சம்மதம், விசாரணை வேண்டாம் என்பது போன்ற எந்தத் தாளிலும் கையெழுத்து கூடாது. வட கரோலினாவில் பிறந்த, மனநலம் குன்றிய ஒருவர் தன்னை மெக்சிகோக்காரர் என்று கூறும் தாளில் கையெழுத்திட்டு, 2008 டிசம்பரில் மெக்சிகோவுக்கே அனுப்பப்பட்டார்.

ஐஸின் 2015-ம் ஆண்டு உள் உத்தரவின்படி, குடியுரிமை கோரிக்கை எழுந்தால் அதிகாரி மேலிடத்தையும் துறையின் வழக்கறிஞர்களையும் கலந்தாக வேண்டும். அதனால் கோரிக்கை வாய்ப்பேச்சாக நிற்காமல் ஆவணங்களோடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் வெளியே இருப்பவர். பாஸ்போர்ட், சான்றிதழ், பிறப்புப் பதிவு எல்லாவற்றின் நகலும் வேறொரு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

அடைபட்டவரைத் தேடும் ஐஸின் இணையதளத்தில், குடியேற்றக் கோப்பு எண்ணான 'ஏ நம்பரையும்' பிறந்த நாட்டையும் போட்டுத் தேடலாம். பெயரால் தேடினால் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், பிறந்த நாடும் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் பிறந்தவரையும் இந்தியா என்று பதிந்திருக்கலாம். அதையும் போட்டுப் பாருங்கள். 18-க்குக் குறைந்தவர்கள் அதில் தெரிய மாட்டார்கள்.

வழக்கறிஞர், தான் இவருக்காக ஆஜராவதாகச் சொல்லும் ஜி-28 படிவம் கொடுத்தால்தான் பேசவே விடுவார்கள். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைக்க மாட்டார். விரைவான வழி மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) மனு. அதை ஆள் அடைபட்டிருக்கும் மாவட்டத்தில் போட வேண்டும். ஆளை வேறு மாநிலத்துக்கு மாற்றுமுன் போடுவதே நல்லது, முதல் நாள் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. கிரீன் கார்டிலோ விசிட்டர் விசாவிலோ இருக்கும் அப்பா அம்மா பயத்தில்கூட 'நான் சிட்டிசன்' என்று சொல்லிவிடக் கூடாது. பொய்க் கோரிக்கை குற்றம். பிறகு குடியுரிமைக் கதவே மூடிப்போகலாம்.

கேள்வி: இப்படி எத்தனை பேர் சிக்குகிறார்கள்? – வாசகர், சிகாகோ

மத்தியத் தணிக்கை அமைப்பு 2021-ல் தந்த கணக்கு: 2015 நிதியாண்டு முதல் 2020 நிதியாண்டின் நடுப்பகுதி வரை, சிட்டிசனாக இருக்கக்கூடியவர்களில் 674 பேரை ஐஸ் கைது செய்தது, 121 பேரை அடைத்தது, 70 பேரை நாடுகடத்தியது. விசாரணையில் சிட்டிசன் எனத் தெரிந்தபின்னும் பதிவைத் திருத்தும் கட்டாயம் இல்லாததால், உண்மை எண்ணிக்கை ஐஸுக்கே தெரியாது என்றும் அதே அறிக்கை சொன்னது.

கேள்வி: வெளியே வந்தபின் நஷ்டஈடு கேட்கலாமா? – வாசகர், டெக்சஸ்

கேட்கலாம். நேராக வழக்குப் போட முடியாது. முதலில் எஸ்எஃப்-95 படிவத்தில் துறையிடம் கோர வேண்டும். தொகையை டாலரில் திட்டமாக எழுதுங்கள். காலியாக விட்டாலோ 'பின்னர் தீர்மானிக்கப்படும்' என்று எழுதினாலோ செல்லாது. துறைக்கு ஆறு மாத அவகாசம். மறுத்துக் கடிதம் வந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும்.

படிவம் கொடுக்க இரண்டு ஆண்டு கெடு. அதை விடுதலையான நாளிலிருந்து எண்ணாதீர்கள். மேலே சொன்ன 1,273 நாள் மனிதருக்குக் கீழ்நீதிமன்றம் 82,500 டாலர் தந்தது. 2017-ல் மேல்முறையீட்டில் அது போய்விட்டது. அவர் உள்ளே இருக்கும்போதே கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்றார்கள்.