1925-இல் தந்தையின் நிலம் எந்த மகளுக்கு?

கேள்வி: 1920-களின் தஞ்சாவூர் ஜில்லாவில் வாழ்ந்த இரு சகோதரிகளைப் பற்றி நாவல் எழுதுகிறேன். மனைவியும் மகனும் இல்லாத தந்தை, உயில் எழுதாமல் 1925-இல் இறந்துபோகிறார். அக்காள் வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். பத்தொன்பது வயதுத் தங்கை மணமாகாமல் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் படிக்கிறாள். மூன்று வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நஞ்சையை இருவரும் சரிபாதியாகப் பிரித்து விற்பதாக எழுதலாமா? அக்காலப் பத்திரம் ஒன்றை மாதிரிக்காக விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

தந்தை தம் சகோதரர்களிடமிருந்து பாகம் பிரிந்தவரா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிரியாதவர் என்றால், குடும்பப் பொதுச் சொத்தான நிலம் பங்காளிகளுக்கே போய்விடும். பிரிந்தவர் என்றால், அன்றைய இந்துச் சட்டத்தில் மணமாகாத மகளே முந்துவாள். ஆகவே மூன்று வேலியும் தங்கைக்குச் சேரும், அக்காளுக்கு அப்போது ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. தங்கைக்குப் பின்னாளில் மணமானாலும் அந்த உரிமை பறிபோகாது.

ஆனால் அது ஆயுட்கால உரிமைதான். தந்தையின் கடன், கிஸ்தி (நிலவரி) பாக்கி, தன் திருமணச் செலவு போன்ற தக்க அவசியம் இல்லாமல் அவள் விற்றால், அந்த விற்பனை அவள் உயிரோடிருக்கும் வரையில்தான் நிற்கும். அவளுக்குப் பின் நிலம் தந்தையின் அடுத்த வாரிசுக்கு, அதாவது அக்காள் இருந்தால் அவளுக்குத்தான் போகும். அதனால்தான் விவரமறிந்த எவரும் அடுத்த வாரிசின் சம்மதமில்லாமல் இத்தகைய நிலத்தை நல்ல விலைக்கு வாங்கத் துணியமாட்டார். இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: அக்காள் பத்திரத்தில் வெறும் சாட்சியாகக் கையெழுத்திட்டால் அது சம்மதமாகிவிடாது. விற்பனையின் அவசியத்தை அறிந்து சம்மதிப்பதாகப் பத்திரத்திலேயே எழுதி, அதன் கீழ் அவள் கையெழுத்திட வேண்டும். அப்போதும் அது அவசியம் இருந்ததற்கு வலுவான சான்றாகுமேயன்றி, விற்பனையை முற்றிலும் அசைக்க முடியாததாக ஆக்கிவிடாது. உங்கள் நாவலின் மையக் காட்சி இந்தக் கையெழுத்துதான் என்பேன்.

1937-ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தைத் தயவுசெய்து இங்கே இழுத்துவராதீர்கள். அது விதவைகளுக்கானது, மகள்களுக்குப் பங்கு தரவில்லை. 1929-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் சகோதரியை வாரிசாக்கியது உண்மைதான், ஆனால் சகோதரனின் சொத்துக்கு.

இனி அந்தப் பத்திர வியாபாரி. இவர்களால் ஏமாந்த எழுத்தாளர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் பெருந்தொகை கொடுத்து வாங்கிவந்த '1926-ஆம் ஆண்டு' கிரயப் பத்திரத்தில் காகிதம் பழுத்திருந்தது, முத்திரையில் ஐந்தாம் ஜார்ஜின் தலையும் இருந்தது. ஆனால் நிலத்தின் அளவு மா, குழி என்றோ ஏக்கர், சென்ட் என்றோ இல்லாமல் ஹெக்டேரில் எழுதப்பட்டிருந்தது! மெட்ரிக் அளவை இந்நாட்டுக்கு வந்ததே 1950-களின் பிற்பகுதியில்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதலாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே சொல்கிறது. அப்படியிருந்தும், கேட்டு வருபவரை 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று திரும்பத் திரும்ப அலையவிடுவதால்தான் வாசலில் தரகர்கள் பிழைக்கிறார்கள். இந்த அவலம் என்றைக்குத் தீருமோ தெரியவில்லை. அலைச்சலைப் பொருட்படுத்தாமல், கிராமத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு நீங்களே எழுத்துமூலம் விண்ணப்பித்து, கட்டண ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.