கோவை ஃபிளாட்டா, திருப்பூர் லைன் வீடா?

கேள்வி: அவிநாசியில் குடியிருக்கிறேன், மாதச் சம்பளக்காரன். வாடகைக்கு விடுவதற்காக முதல் சொத்து வாங்கப் பார்க்கிறேன். சரவணம்பட்டியில் பழைய ஃபிளாட், இரண்டு பெட்ரூம், 48 லட்சம், வாடகை 16,000. திருப்பூர் வீரபாண்டியில் 4 சென்ட்டில் நான்கு லைன் வீடுகள், 52 லட்சம். வீட்டுக்கு 6,000 வீதம் மாதம் 24,000. 30 லட்சம் கடன் வாங்குவேன். எதை எடுக்கலாம்?

பதில்: தரகர் கணக்கில் ஃபிளாட் ஆண்டுக்கு 4 சதவீதம், லைன் வீடு ஐந்தரை. கையில் நிற்கும் கணக்கு வேறு. இரண்டுக்குமே பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஃபிளாட்டில் ஒரு மாதம் காலி, வரி, மெயின்டனன்ஸ், ரிப்பேர் கழித்தால் ஆண்டுக்கு 1,59,000 அளவில் மிஞ்சும். முதலீட்டுக்கு 3 சதவீதம். லைன் வீட்டில் வீட்டுக்கு இரண்டு மாதம் காலி என்று வைத்து, வெள்ளையடிப்பு, மோட்டார், செப்டிக் டேங்க், வரிக்கு 54,000 எடுத்துவைத்தால் 1,86,000, மூன்றேகால் சதவீதம். ஒன்றரை சதவீத வித்தியாசம் கால் சதவீதமாகிவிட்டது. அந்தக் காலும் உங்கள் அலைச்சலுக்கான கூலிதான்.

இரண்டு மாதம் என்பது பயமுறுத்தல் இல்லை. லைன் வீட்டில் நான்கு குடித்தனமும் பெரும்பாலும் பனியன் கம்பெனியை நம்பியிருக்கும். ஆர்டர் குறைந்தால் நான்கும் சேர்ந்தே காலியாகும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு தெரிந்ததே. தீபாவளிக்கு ஊர் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. சரவணம்பட்டியில் ஐடி ஆள் போனால் காலேஜ் வாத்தியாரோ ஆஸ்பத்திரி ஊழியரோ வருவார். அங்கே குறை வேறு: காலியானால் வாடகை மொத்தமும் நிற்கும், மெயின்டனன்ஸ் உங்கள் தலையில்.

நிலத்தைப் பார்த்தால் திருப்பூர்தான் மேல். 4 சென்ட் என்பது 1,742 சதுர அடி, முழுக்க உங்களுடையது. ஃபிளாட்டில் பிரிபடாத பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் பொது நிலத்தில் உங்கள் பங்கு, ஒரு சென்ட் அளவுக்குத்தான் இருக்கும். பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் லைன் வீட்டில் சிக்குவது பெரும்பாலும் பிளான் அப்ரூவலில். ஒரே வீட்டுக்கு அனுமதி வாங்கி நான்காகத் தடுத்துக் கட்டியிருப்பார்கள். வங்கிப் பொறியாளர் நேரில் பார்த்ததும் கடன் ஃபைல் அங்கேயே நின்றுவிடும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அப்ரூவல் நகல், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வங்கி வக்கீலிடம் காட்டுங்கள். நான்கு வீட்டுக்கும் தனித்தனி ஈபி மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே மீட்டர் என்றால் பில் வரும்போதெல்லாம் பஞ்சாயத்து. குழாய் முனையைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு, மோட்டாரும் ஹீட்டரும் சீக்கிரம் போகும். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதைக் குடியிருப்பவரிடம் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல.

கடன் 8.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு என்றால் தவணை சுமார் 26,000. ஃபிளாட் வாடகை போக மாதம் 10,000 கையிலிருந்து போகும். காலியான மாதம் முழுத் தவணையும் உங்களுடையது. லைன் வீட்டிலும் காலியும் செலவும் போக மாதம் 15,500தான் மிஞ்சும், ஆகவே அங்கேயும் பத்தாயிரம் பக்கம் போட வேண்டும். புதிய வரி முறையில் இருந்தால் வீட்டுக்கடன் வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

அப்ரூவல் நான்கு வீட்டுக்கும் சரியாக இருந்து, சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனிச் சம்பளம் போடும் நேரத்தில் நேரில் போய் வசூலிக்க உங்களால் முடியுமென்றால் வீரபாண்டியை எடுங்கள், அவிநாசியிலிருந்து பக்கம்தான். இரண்டில் ஒன்று இடித்தாலும் சரவணம்பட்டி. எதை வாங்கினாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.